‘கேஸ்தான், காலையில பார்த்துக்கலாம்!’ - நெஞ்சுவலியில் நாம் தொலைக்கும் அந்த ஒரு மணி நேரம்

ராத்திரி 2 மணி. வீட்டில் ஒருவருக்கு நெஞ்சின் மேல் பாரம் ஏற்றி வைத்தாற்போல் அழுத்துகிறது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் பனியன் நனையும் அளவுக்கு வியர்வை. இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்? அங்கே இந்த நேரத்தில் டாக்டர் இருப்பாரா? ஈசிஜி எடுப்பார்களா?

மூன்று கேள்விகளுக்கும் யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தால் நல்லது. ஆனால், பல வீடுகளில் அந்த நேரத்தில் கிடைக்கும் பதில் வேறு. “நைட்டு பரோட்டா சாப்பிட்டது ஒத்துக்கலை. கேஸ்தான். கொஞ்சம் சோடா குடிச்சுட்டுப் படு, காலையில பார்த்துக்கலாம்.”

அந்தக் காலை சிலருக்கு விடிவதே இல்லை.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் வழியில் இருக்கும் பாரிவாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர், இப்போது சென்னையின் மேற்கு விளிம்பு. புதிது புதிதாக வீட்டு மனைகள், சாலை நிறைய லாரிகள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த பகுதி இது. இங்கிருந்து கிழக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்தால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அதையும் தாண்டி சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் வரும். ஆனால், சென்ட்ரலுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பகலில் கோயம்பேடு வரை போவதற்குள்ளேயே எத்தனை சிக்னல் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

திருவேற்காடு, பருத்திப்பட்டு, அயப்பாக்கம், திருமழிசை என்று எந்தப் புறநகரில் இருந்தாலும் இதே கணக்குதான். அதனால், இதய நோய் என்றால் என்ன, அது எப்படியெல்லாம் முகம் காட்டும், முகம் காட்டியவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதை நகரின் நடுவில் வசிப்பவர்களைவிட நாம்தான் நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

இதயம் உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் பம்ப். அந்த பம்ப்புக்கும் தனியாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவைதான் கரோனரி ரத்தக்குழாய்கள். இதயத்தின் மேற்பரப்பில் கொடிபோல் படர்ந்திருக்கும் இவை சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை.

புகை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவை பல ஆண்டுகளாக இந்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. அங்கே கொழுப்பு படிகிறது. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்பு படிவதுபோல என்று சொல்வார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. குழாயின் உப்பு வெடிக்காது. ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பின் மேல்தோல் திடீரென்று கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி சில நிமிடங்களில் குழாயை முழுதாக அடைத்துவிடலாம். அதுதான் மாரடைப்பு.

‘போன மாசம்தானே செக்கப் பண்ணினார், எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே’ என்று பல வீடுகளில் அதிர்ச்சியோடு கேட்பதற்குக் காரணம் இதுதான். பாதி அளவுகூட அடைக்காத படிவும் ஒருநாள் கிழிந்து, முழு அடைப்பாக மாற முடியும்.

அடைத்த குழாய்க்குப் பின்னால் இருக்கும் இதயத்தசைக்கு ரத்தம் போகாது. சுமார் அரை மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்குகிறது. மணிக்கணக்கில் அந்தச் சேதம் பரவுகிறது. செத்த தசை மறுபடி வளராது. ஆகவே, இந்த நோயில் மருந்தைவிட முக்கியமானது, மருந்து உடலுக்குள் போகும் நேரம்.

கேஸா, ஹார்ட்டா? எப்படித் தெரிந்துகொள்வது?

நேர்மையான பதில்: வீட்டில் உட்கார்ந்துகொண்டு உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியாது. டாக்டரே ஈசிஜி எடுக்காமல் சொல்ல மாட்டார். இதயத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகும் குழாய் அடைத்தால் மேல்வயிற்றில் வலியும் குமட்டலும் ஏப்பமும்கூட வரும். ‘ஏப்பம் விட்டதும் கொஞ்சம் தேவலை’ என்பது மாரடைப்பு இல்லை என்பதற்கான சான்று ஆகாது.

ஆனால், எதைப் பார்த்தால் உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்ல முடியும்.

- நெஞ்சின் நடுவில் அழுத்தம், இறுக்கம், எரிச்சல் அல்லது பாரம். ‘வலி’ என்று சொல்லாமல் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்றுதான் பலர் சொல்வார்கள்.
- அது இடது கை, இரண்டு தோள்கள், தாடை, கழுத்து, முதுகு, மேல்வயிறு ஆகியவற்றுக்குப் பரவுவது.
- காரணமே இல்லாமல் குளிர்ந்த வியர்வை.
- மூச்சுவாங்குதல், குமட்டல், வாந்தி, தலைசுற்றல்.
- சில நிமிடங்கள் ஓய்வெடுத்தும் குறையாமல் இருப்பது, அல்லது போய்ப் போய் வருவது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், பெண்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. நீண்டநாள் சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வரலாம். திடீர் களைப்பு, மூச்சுத்திணறல், வியர்வை மட்டுமே இருக்கும். பெண்களுக்கு வலியோடு முதுகுவலி, தாடைவலி, அசதி, வாந்தி போன்றவையும் சேர்ந்து வருவது அதிகம். ‘காலையிலேர்ந்து ஒரே அசதியா இருக்குடா’ என்று அம்மா சொன்னால், வேலை ஜாஸ்தி என்று விட்டுவிடுகிறோம். அவரும் சமையலை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்பார். வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

மாரடைப்புக்கு முன்பே சிலருக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். மாடிப்படி ஏறினாலோ, சாப்பிட்டுவிட்டு வேகமாக நடந்தாலோ நெஞ்சு இறுகும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். இதற்குப் பெயர் ஆஞ்சைனா. இந்தக் கட்டத்தில் டாக்டரைப் பார்ப்பவர்கள் பலர் மாரடைப்பு வராமலே தப்பித்துவிடுகிறார்கள். ஓய்வாக இருக்கும்போதே வலி வர ஆரம்பித்தாலோ, முன்பைவிட அடிக்கடி வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

நேரம் எங்கே தொலைகிறது?

நெஞ்சுவலி தொடங்கியதிலிருந்து சிகிச்சை கிடைக்கும் வரை நேரம் மூன்று இடங்களில் கரைகிறது. முதலாவது, வீட்டில்: ‘கேஸா இருக்கும்’ என்று யோசிக்கும் நேரம். இரண்டாவது, வழியில்: வண்டி தேடுவது, ஈசிஜிகூட இல்லாத கிளினிக்கில் வரிசையில் நிற்பது. மூன்றாவது, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றும் நேரம்.

மூன்றாவது நேரத்தைக் குறைக்க முடியும் என்று தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். மாரடைப்போடு வருபவரைச் சின்ன மருத்துவமனை திருப்பி அனுப்பிவிடாமல், அங்கேயே ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பிறகு ஆஞ்சியோகிராம் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. இப்படிச் சின்ன மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலைப்பின்னலாக இணைத்த ஆய்வின் முடிவுகள் 2017-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயின. 2,420 நோயாளிகளை வைத்துச் செய்த அந்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தது. அதாவது, நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். புது மருந்து எதையும் கண்டுபிடித்து அல்ல. இருக்கிற மருந்தைச் சரியான இடத்தில் சீக்கிரம் கொடுத்ததால்.

இதன் தொடர்ச்சிபோல 2023-ல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு மாரடைப்பு என்ற சந்தேகம் இருந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. முதல் இரண்டும் ரத்தக்கட்டி பெரிதாகாமல் தடுப்பவை. மூன்றாவது, கிழிந்த கொழுப்புப் படிவை அமைதிப்படுத்துவது.

‘அப்படின்னா அந்த 14 மாத்திரையை வீட்டிலேயே வாங்கி வெச்சுக்கலாமே?’ என்று தோன்றும். வேண்டாம். எல்லா நெஞ்சுவலியும் மாரடைப்பு அல்ல. உடலின் மகாதமனி கிழிந்தாலும் நெஞ்சும் முதுகும் பிளப்பதுபோல் வலிக்கும். வயிற்றுப்புண்ணில் ரத்தக்கசிவு இருந்தாலும் மேல்வயிறு வலிக்கும். இந்த இரண்டிலும் ரத்தம் உறையாமல் செய்யும் மாத்திரை உயிருக்கே ஆபத்து. யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பதற்குத்தான் மருத்துவப் பணியாளர் இருக்கிறார்.

ஒரு ஈசிஜி நார்மல் என்றால்?

வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். மாரடைப்பின் ஆரம்பத்தில் முதல் ஈசிஜி சாதாரணமாக இருக்கலாம். வலி தொடர்ந்தால் மறுபடி மறுபடி ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. தசை சேதமாகி அது ரத்தத்தில் ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால், அதையும் இரண்டு முறை எடுக்க நேரலாம். ‘டாக்டர், வலி இன்னும் இருக்கு, ஈசிஜி இன்னொரு தடவை பார்க்கலாமா?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

108-க்கு என்ன சொல்ல வேண்டும்?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது. ‘பைக்கிலேயே உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிடலாம், சீக்கிரம் போகலாம்’ என்று தோன்றும். வழியில் இதயம் நின்றுவிட்டால் பைக்கில் ஒன்றும் செய்ய முடியாது. நோயாளியே வண்டி ஓட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம்.

போன் செய்ததும் முதலில் சொல்ல வேண்டியது, ‘நெஞ்சுவலி, வியர்க்குது, வயசு இவ்வளவு’ என்பது. அடுத்து இடம். புது மனைப் பிரிவுகளில் தெருப் பெயர்ப் பலகை இருக்காது. மேப்பும் சில சமயம் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விடும். அதனால் பிரதான சாலை, அருகில் இருக்கும் கோயில் அல்லது பள்ளி, திரும்ப வேண்டிய முனை ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒருவர் தெருமுனைக்குப் போய் மொபைல் லைட்டை அடித்துக்கொண்டு நிற்கட்டும். ‘ஈசிஜி, மாரடைப்புக்கு ஊசி இரண்டும் இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரி எது?’ என்று ஆம்புலன்ஸ் பணியாளரிடமே கேளுங்கள்.

வண்டி வரும்வரை நோயாளியை நடக்க விடாதீர்கள். சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டு, பழைய ஈசிஜி, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரு பையில் போடுங்கள்.

வாட்ஸ்அப் வைத்தியம் வேண்டாமே!

*பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும்.* நிற்காது. அடைத்த குழாய் இருமலால் திறக்காது. இருமிக்கொண்டே காத்திருப்பதில் நேரம்தான் போகும்.

*வெந்நீரில் மிளகாய்த்தூள் கலந்து குடித்தால் ஒரு நிமிடத்தில் சரியாகும்.* எந்த ஆதாரமும் இல்லை.

*நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைத்தால் போதும்.* டாக்டர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்தவர்களுக்கு மட்டும்தான். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போட்டால், அது இன்னும் இறங்கி மயக்கத்தில் தள்ளிவிடும். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இது பெரும் ஆபத்து.

திடீரென்று சரிந்து விழுந்தால்?

மாரடைப்பும் இதயத்துடிப்பு நின்றுபோவதும் ஒன்றல்ல. முன்னதில் குழாய் அடைத்திருக்கும், ஆள் பேசிக்கொண்டிருப்பார். பின்னதில் துடிப்பே நின்றுவிடும். ஆள் சரிந்து விழுந்து, கூப்பிட்டாலும் அசைய மாட்டார். மூச்சு இருக்காது, அல்லது விட்டுவிட்டுத் திணறலாக வரும். மாரடைப்பு எந்த நிமிடமும் இந்த நிலைக்குப் போகலாம்.

அப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒருவர் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடட்டும். இன்னொருவர் நோயாளியைத் தரையில் மல்லாந்து படுக்க வைத்து, மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றொரு கையை வைத்து அழுத்த வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அதாவது, நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அழுத்தம். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். கை சோர்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது. வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அழுத்தினாலே போதும்.

மூளை, கால், நுரையீரல்... எல்லாம் ஒரே குழாய்த் தொடர்தான்

இதயத்தில் படிகிற அதே கொழுப்பு உடலின் மற்ற ரத்தக்குழாய்களிலும் படியும். நாம்தான் அவற்றுக்கு வேறு வேறு பெயர் வைத்து, வேறு வேறு நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

*பக்கவாதம்:* மூளைக்குப் போகும் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ வருவது. சந்தேகம் வந்தால், சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று கீழே சரிகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். எனவே ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னோட்டமாக இருக்கலாம்.

*நடந்தால் கெண்டைக்கால் வலி:* கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்; நின்றால் விட்டுவிடும். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருக்கலாம். புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆறாத கால் புண் உள்ளவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். காலில் அடைப்பு இருந்தால் இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

*ஒரு கால் மட்டும் வீங்கினால்:* அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட பயணம், நீண்ட படுக்கை ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், ஆழத்தில் இருக்கும் ரத்த நாளத்தில் கட்டி உறைந்திருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் திடீர் மூச்சுத்திணறல் வரும். அந்தக் காலை அழுத்தி எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள்.

*சுருண்ட நரம்பு:* காலில் நீல நிறத்தில் புடைத்து நெளியும் வெரிகோஸ். நெடுநேரம் நின்றே வேலை செய்பவர்களுக்கு அதிகம். ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியதன் பின்னால் இந்தக் கால்களின் வலியும் இருக்கிறது. கணுக்கால் தோல் கறுத்தாலோ புண் வந்தாலோ தாமதிக்கக் கூடாது.

*படுத்தால் மூச்சுவாங்குகிறதா?* தலையணை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகிறது. ராத்திரி திடுக்கென்று எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டு பாதங்களும் வீங்குகின்றன. சில நாள்களிலேயே எடை ஏறுகிறது. இதயம் பலவீனமாகி, நீர் தேங்குவதன் அடையாளங்கள் இவை. எக்கோ ஸ்கேன் சொல்லிவிடும்.

*குழந்தைகளுக்கு:* பால் குடிக்கும்போதே வியர்த்து, மூச்சுவாங்கி, எடை ஏறாமல் இருக்கும் கைக்குழந்தைக்குப் பிறவி இதயக்கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளி வயதில் தொண்டைவலிக்குப் பிறகு மூட்டு மூட்டாக வீங்கி வலித்தால், அது இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டர் சொல்லும் பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தவறாமல் போட்டுக்கொள்வதுதான் அந்த வால்வைக் காப்பாற்றும்.

நமக்கு மட்டும் ஏன் சீக்கிரம்?

1990-களில் சென்னையின் திருமங்கலம், தி.நகர் பகுதிகளில் வீடு வீடாகப் போய், 20 வயதைத் தாண்டியவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது தெரியவந்தது. திருமங்கலம் அம்பத்தூருக்குப் பக்கத்துப் பகுதிதான்.

52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-ல் வெளியானது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 என்று அதிலிருந்து தெரிந்தது. குடும்பம் முழுவதும் ஒருவர் சம்பளத்தை நம்பியிருக்கும் வயது 53. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக்கடனும் பாக்கி இருக்கும் வயது.

நல்ல செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது. உலகின் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் காரணம் ஒன்பதே விஷயங்கள்தான். புகை, கெட்ட கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடலுழைப்பின்மை போன்றவை. பரம்பரையை மாற்ற முடியாது. ஆனால், இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை நம் கையில் இருக்கின்றன.

இவற்றில் ரத்த அழுத்தம்தான் சத்தம் போடாமல் வேலை செய்வது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்பதால் பிபி இல்லை என்று அர்த்தமில்லை. 30 வயதைத் தாண்டிய எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பார்க்கும்போது சில விதிகள் உண்டு. அரை மணி நேரம் முன்பே காபி, டீ, புகை வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமைதியாக உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. வெவ்வேறு நாள்களில் பார்த்தும் 140/90-க்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவை.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது பெற்ற திட்டம் இது. ஆனால், வீடு தேடி வந்த மாத்திரையும் டப்பாவில் இருந்தால் பயனில்லை. ‘பிபி நார்மல் ஆயிடுச்சு, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் வசனம். மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் ஆனது!

உணவில் முதலில் கை வைக்க வேண்டியது உப்பில். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையலில் போடுவது மட்டுமல்ல. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை. பீடி, சிகரெட்டோடு ஹான்ஸ் வகையறாக்களும் இதயத்துக்கு எதிரிதான். ‘நான் புகைக்கறதில்லை, வாயில வெச்சுக்கறேன்’ என்பது தப்பிக்கும் வழி அல்ல.

ஆஞ்சியோ என்றாலே பயமா?

ஆவடி மின்சார ரயிலில் போகும்போது நாம் தாண்டிச் செல்லும் பெரம்பூரில்தான், 1975-ல் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை டாக்டர் கே.எம்.செரியன் செய்தார். அடைத்த குழாயை பலூன் வைத்து விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி 1977-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. இரண்டும் அரை நூற்றாண்டு பழகிய சிகிச்சைகள். ஆஞ்சியோகிராம் என்பது கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பைப் படம் பிடிப்பது; அது ஆபரேஷன் இல்லை.

செலவு பற்றிய பயம் இன்னொன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதயச் சிகிச்சைகளும் அதில் அடங்கும். தொழிற்சாலை ஊழியர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கும். நோய் வந்த பிறகு அட்டையைத் தேடாமல், இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை, பல் பிடுங்குவதற்காகக்கூட டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும்.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு...

குடும்பமாக உட்கார்ந்து பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கீழே இருப்பவற்றை ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவிலோ காலண்டர் பக்கத்திலோ ஒட்டுங்கள்.

1. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் எது? ராத்திரியிலும் இயங்குமா? பாரிவாக்கம் பக்கத்தில் இருந்தால், பூந்தமல்லி, ஆவடி அரசு மருத்துவமனைகளில் இரவு நேர ஈசிஜி, மாரடைப்பு ஊசி, சி.டி. ஸ்கேன் உண்டா என்று பகலிலேயே போய்க் கேட்டு எழுதுங்கள்.
2. பக்கத்தில் 24 மணி நேரமும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவமனை எது? உங்கள் காப்பீடு அங்கே செல்லுமா?
3. 108-க்குச் சொல்ல வேண்டிய அடையாளங்களோடு உங்கள் வீட்டுக்கு வழி.
4. வீட்டில் ஒவ்வொருவரின் பிபி, சுகர் அளவு, சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை.
5. ராத்திரி எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரின் நம்பர்.

கடைசியாக ஒரு முடிவையும் எடுத்துவிடுங்கள். இனி இந்த வீட்டில் யாருக்கு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தாலும், அது கேஸா இல்லையா என்று நாம் தீர்மானிக்கப் போவதில்லை, ஈசிஜி தீர்மானிக்கட்டும். போய்ப் பார்த்து, ‘ஒண்ணுமில்லை, கேஸ்தான்’ என்று டாக்டர் சொன்னால், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து படுக்கலாம். அன்று கெட்டது ஒரு ராத்திரித் தூக்கம் மட்டும்தான்.